பாதியில் நின்ற கை

அத்தியாயம் பதினேழு

ஒரு வீட்டில் பேச்சு நின்றுபோவதற்குப் பெருங்காரணம் எதுவும் வேண்டியதில்லை. பதினொரு வரிகள் போதும்.

அந்தப் பதினொரு வரிகளையும் எழுதியவள் தையற்காரி. அவை சுட்டது அவளுடைய தம்பி மனைவியாகிய மைனாவை. யாரைப் பற்றி எழுதுகிறோம் என்று தெரியாமல் ஒருத்தி எழுதினாள். எழுதியது யார் என்று தெரியாமல் மற்றொருத்தி அழுதாள். மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீடு, இவ்விரண்டு அறியாமைகளையும் சுவருக்கு ஒன்றாகச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றது.

உறங்கப் போகும்போது சுவரில் ஒன்றுதான் எஞ்சியிருந்தது. தையற்காரிக்குத் தான் எழுதியது யாரைப் பற்றி என்பது தெரிந்துவிட்டது. மைனாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

தையற்காரிக்கு வயது நாற்பத்து நான்கு. திருமணம் என்னும் பாடத்தை இரண்டே ஆண்டுகளில் முடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள். பகலெல்லாம் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் பிறர் உடைகளைப் பிரித்தும் பிடித்தும் தைப்பாள். மாலை ஏழரைக்கு ‘எதிர்வீட்டு விளக்கு’ என்னும் தொலைக்காட்சித் தொடரைப் பார்ப்பாள். பிறகு ‘ஊசிக்கண்’ என்ற புனைபெயரில், அன்றைய நடிப்பைப் பற்றியும் உடையைப் பற்றியும் இணையத்தில் எழுதுவாள். ஒன்பது ஆண்டுகளாக இது நடைபெறுகிறது. பதினான்காயிரம் பேர் படிக்கிறார்கள். ஊசிக்கண் ஓர் ஓய்வுபெற்ற பேராசிரியர் என்பது அவர்களுள் பலருடைய துணிபு. வீட்டில் எவருக்கும் இந்தச் செய்தி எட்டியதில்லை.

அவளுடைய பார்வை இருவகைப்படும். முதல் முறை ஒலியை முற்றிலும் அடக்கிவிட்டுப் பார்ப்பாள். இரண்டாம் முறை ஒலியோடு பார்ப்பாள். முதலாவது கண்ணுக்கு, இரண்டாவது காதுக்கு. “வசனம் ஒரு போர்வை. அதை விலக்கிப் பார்த்தால்தான் உள்ளே ஆள் விழித்திருக்கிறாரா, தூங்குகிறாரா என்பது தெரியும்” என்பது அவள் கொள்கை. வீட்டில் இதனை அக்காவின் கிறுக்கு என்று கொண்டார்கள்.

நேற்று மாலை கடையில் வேலை மிகுந்திருந்தது. கைபேசியின் சிறு திரையில், தையல் இயந்திரத்தின்மீது சாய்த்து வைத்து, ஒலியின்றி ஒரு முறை பார்த்தாள். தொடரில் புதிதாக ஒரு காப்பக அதிகாரி வந்தாள். குட்டை முடி, தடித்த கண்ணாடி, கருநிறக் கோட்டு. சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த ஒரு புகைப்படத்தை அவள் கைநீட்டி எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்து, அதில் இருப்பவள் தொலைந்துபோன தன் தங்கை என்று உணர வேண்டும். கை பாதி உயரம் சென்று நின்றது. தோள் விறைத்தது. பக்கத்தில் இருந்த நடிகர் புகைப்படத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை பார்க்க நேரமில்லை. தையற்காரி அப்படியே எழுதிவிட்டாள். தலைப்பு: ‘மரக்கை’.

வீடு திரும்பியபோது தம்பி கைபேசியை நீட்டினான். “அக்கா, இந்த ஊசிக்கண்ணு எவன்னு உனக்குத் தெரியுமா?”

அவன் சொல்லித்தான், பொய்முடியும் கண்ணாடியும் சிறு திரையில் மறைத்திருந்த அந்தக் காப்பக அதிகாரி மைனா என்பது அவளுக்குத் தெரிய வந்தது.

*

காலை ஏழு மணி. சமையலறையில் தேநீர் கொதித்தது. தம்பி மேசையருகே அமர்ந்து காலணியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். அவன் மின்தூக்கிகளைப் பழுதுபார்ப்பவன். எந்த மாடியில் எது நின்றாலும் முதல் அழைப்பு அவனுக்கே வரும்.

“நேத்து ராத்திரியே எங்க ஆளுங்க குரூப்புல வந்துடுச்சுக்கா,” என்றான். “ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல ஒரு லிஃப்ட் நின்னுபோச்சாம். ஒருத்தன் போட்டோ எடுத்துப் போட்டு, கீழே என்ன எழுதியிருக்கான் தெரியுமா? ‘மரக்கை’ன்னு.”

“அவங்களுக்கு அது உன் பொண்டாட்டின்னு தெரியுமா?”

“தெரியாது. தெரியாமலேயே இவ்வளவு. தெரிஞ்சா நான் வேலைக்குப் படி ஏறித்தான் போகணும்.”

தையற்காரி தேநீரை வடிகட்டினாள். மூன்று குவளைகளிலும் ஒரே அளவாக ஊற்றினாள்.

“அந்த ஊசிக்கண்ணு மட்டும் என் லிஃப்டுல ஒரு நாள் ஏறட்டும்,” என்று தம்பி தொடர்ந்தான். “நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிப்பாட்டி, ‘கையைத் தூக்குங்க சார், தூக்கினாத்தான் கதவு திறக்கும்’னு சொல்றேன்.”

“சார்னு எப்படிச் சொல்ற?”

“பின்ன? பொம்பளையா இருந்தா இன்னொரு பொம்பளையை இப்படிக் குதறுமா?”

இதற்கு விடை கூற வேண்டிய இடத்தில் தையற்காரி சர்க்கரையைத் தேடினாள். சர்க்கரை அவள் கைக்கு எதிரிலேயே இருந்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. மைனா வந்தாள். ஓயாது பேசுகிறவள் என்பதால் அந்தப் பெயர். இன்று முகம் வீங்கியிருந்தது. பெயருக்குரிய குணம் எதுவும் தென்படவில்லை. பகலில் அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள். அங்கே பல் காட்ட வந்த தொடரின் தயாரிப்பு மேலாளர், அவள் பேசும் அழகைக் கேட்டு, மூன்று நாள் வேடம் ஒன்றைக் கொடுத்திருந்தார். வீட்டாரை வியப்பில் ஆழ்த்த எண்ணி, அவள் எவரிடமும் சொல்லாமல் மறைத்தாள்.

“விடுங்க,” என்றாள் கணவனிடம். “அந்த ஆளு சொன்னதுல என்ன தப்பு? கை பாதியிலதானே நின்னுச்சு.”

“ஒரு கை நின்னா என்னம்மா இப்ப?”

“என்னவா? இன்னைக்கு அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அடுத்த சீனை எடுத்துப் பார்ப்பாங்களாம். சரியா வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்களாம். மேனேஜர் போன்லயே சொல்லிட்டார். ‘இது இந்த மூணு நாள் விஷயம் இல்லம்மா. நல்லா வந்தா இந்தப் பாத்திரம் ஆறு மாசம் போகும். ஆனா எல்லாரும் சிரிக்கிற ஆளை வெச்சு எப்படி அழவைக்கிறது’ன்னு கேட்டார்.”

தேநீரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

“அஞ்சு தடவை எடுத்தாங்க அண்ணி. அஞ்சு தடவையும் கை அங்கேயே நிக்குது. பயந்துட்டேன்னு டைரக்டர் சொன்னார். நானும் பயம்னுதான் நினைச்சேன்.”

தையற்காரி நிமிர்ந்தாள். ஒன்பது ஆண்டுப் பழக்கம் வாயைத் திறந்தது.

“தூக்க வரலையா, தூக்க முடியலையா?”

“ரெண்டுக்கும் என்ன அண்ணி வித்தியாசம்?”

“நிறைய இருக்கு. தூக்க வரலைன்னா மனசு நிக்குது. தூக்க முடியலைன்னா உடம்பு நிக்குது.”

மைனா தன் தோளைத் தடவிப் பார்த்தாள். “யாரோ பின்னாலேர்ந்து தோளைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இருந்துச்சு. பயம் வந்தா அப்படித்தானே இருக்கும்?”

“கோட்டு போட்டிருந்தியே. அது யாரோடது?”

மைனாவின் முகத்தில் முதன்முறையாக ஒரு சிறு வெட்கம் தோன்றியது. “உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன் அண்ணி. போன வாரம் எங்க டாக்டரம்மாகிட்ட இரவல் வாங்கினேன்னு ஒரு கருநீலக் கோட்டைப் பிடிச்சுத் தைக்கக் கொடுத்தேனே, இன்டர்வியூவுக்குன்னு சொல்லி. அதுதான். சின்ன வேஷத்துக்கெல்லாம் டிரெஸ் நாமதான் கொண்டுவரணுமாம்.”

தையற்காரி கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள்.

“அதை எடு,” என்றாள் தையற்காரி. “கசங்கியிருக்கும். தேய்ச்சுக் கொடுக்கிறேன்.”

“நாலு மணிக்குள்ள வேணும் அண்ணி. கதையில அதே நாளாம். அதே கோட்டுதான் போடணும்.”

*

சலவைக் கடையின் முன்பகுதியில் முதலாளியம்மா இருப்பாள். பின்னறையில் இரண்டு இயந்திரங்கள், ஒரு வெட்டுமேசை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. நடுவே ஒரு திரைச்சீலை. அந்தத் திரைச்சீலையால் உருவத்தைத் தடுக்க முடியும். முதலாளியம்மாவின் குரலைத் தடுக்க முடியாது.

“நேத்து ஊசிக்கண்ணு படிச்சியா?” என்று குரல் வந்தது. “மனுஷன் விளாசியிருக்கார். கேளு. ‘கையை உயர்த்தத் தெரியாத ஒருவரை, கையை உயர்த்துவதற்காகவே எழுதப்பட்ட காட்சியில் நிறுத்தியிருக்கிறார்கள். கோட்டுக்குள் இருப்பது கையா, கதவுக்கு வைக்கும் கட்டையா?’ எப்படி?”

“ம்.”

“இன்னும் கேளு. ‘கோட்டோ தோளில் இழுக்கிறது. இதைத் தைத்தவர் ஊசியைத் தாராளமாகப் பிடிக்கலாம். கத்தரிக்கோலை மட்டும் தொடாதிருப்பது நாட்டுக்கு நல்லது.’” முதலாளியம்மா சிரித்து ஓய்ந்தாள். “உன் தொழிலைப் பத்திக்கூட எழுதுறார் பாரேன். விவரமான ஆளு.”

தையற்காரி கைபேசியை எடுத்தாள். காதொலிப்பானைப் பொருத்தினாள். நேற்றுப் பார்க்காமல் விட்ட இரண்டாம் பார்வையை, பதினான்கு மணி நேரம் தாமதமாக, இப்போது பார்த்தாள்.

குரல் வந்தது. “படத்துல இருக்கிறது யாரு?”

அவ்வளவுதான் வசனம். மைனாவின் குரல்தான், ஆனால் வீட்டில் கேட்கும் குரல் இல்லை. ‘இருக்கிறது’ என்னும் சொல்லுக்குப் பிறகு ஒரு கணம் மூச்சு நின்றது. ‘யாரு’ என்பது கேள்வியாகப் புறப்பட்டு, பாதி வழியில் விடை தெரிந்து, கேள்வியாக இருக்க வெட்கப்பட்டு அடங்கியது. ஒன்பது ஆண்டுகளில் தையற்காரி இத்தகைய மூன்று சொற்களைக் கேட்டது நான்கைந்து முறை இருக்கலாம்.

அவள் மீண்டும் ஒரு முறை கேட்டாள். பிறகு காதொலிப்பானைக் கழற்றி வைத்துவிட்டு, பையிலிருந்து கோட்டை எடுத்தாள்.

உடையைப் பார்ப்பதில் அவளுக்கு ஐயமே எழுந்ததில்லை. கோட்டை உட்புறம் திருப்பி, அக்குளைச் சுற்றி அளவுநாடாவை ஓட்டினாள். மைனாவின் சட்டை அளவு குறிப்பேட்டில் இருந்தது. ஒப்பிட்டாள். நான்கு விரற்கிடை குறைவு.

அவளுக்கு நினைவு வந்தது. அன்று மைனா, “உட்கார்ந்தே இருக்கிற வேலை அண்ணி, நல்லா சிக்குன்னு இருக்கணும்” என்று சொன்னாள். நேர்முகத் தேர்வில் யார் கையைத் தூக்கப் போகிறார்கள்? தூக்கினால் அது சரணடைவது என்றல்லவா பொருள்படும்? ஆகவே தையற்காரி அக்குளை நன்றாகச் சுருக்கி, கைப்பகுதியை ஒட்டப் பிடித்து, நின்றால் சிலைபோல் தோன்றும்படி தைத்துக் கொடுத்தாள். மதிய உணவு நேரத்துக்குள் தைத்து முடித்ததில் அப்போது அவளுக்குப் பெருமையும் இருந்தது.

திரையின் விளக்கில் கருநீலம் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. அதுவும் உண்மை. ஆயினும் தன் தையலைத் தானே கண்டும் அறியாமல் போனதற்கு நிறத்தைக் குற்றம் சொல்வது எப்படி?

அவள் கோட்டை அணிந்துகொண்டாள். அவளுக்கும் மைனாவுக்கும் ஏறத்தாழ ஒரே தோள். கண்ணாடியின் முன் நின்று, சுவரில் ஒரு புகைப்படம் இருப்பதாகக் கொண்டு, வலக்கையை உயர்த்தினாள்.

கை பாதியில் நின்றது. தோள் விறைத்தது. முதுகில் துணி இழுத்தது. யாரோ பின்னாலிருந்து பிடிப்பதுபோலவே இருந்தது.

கண்ணாடியில் மரக்கை நின்றுகொண்டிருந்தது.

“என்ன பண்ற உள்ளே?” என்று முதலாளியம்மா திரைச்சீலையை விலக்கினாள். ஒரு நொடி பார்த்தாள். “அடிப்பாவி, அப்படியே அந்த சீரியல்காரி மாதிரியே பண்றியே! நீ நடிக்கப் போயிருக்கலாம்.”

“அவ என் தம்பி பொண்டாட்டி.”

முதலாளியம்மா கையிலிருந்த கைபேசியை இடுப்பில் செருகினாள். பிறகு, ஒரு நல்ல வாடிக்கையாளரிடம் கறை போகவில்லை என்று சொல்லும்போது அவள் பயன்படுத்தும் மெல்லிய குரலில், “நான் சிரிச்சதை மனசுல வெச்சுக்காதே” என்று கூறித் திரைச்சீலையை மூடினாள்.

தையற்காரி தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். இரு பக்கமும் அக்குளைத் திறந்தாள். கோட்டின் உள்மடிப்பிலிருந்து அதே துணியில் ஒரு கைக்குட்டையளவு வெட்டியெடுத்து, சாய்சதுரமாக இரண்டு துண்டுகள் நறுக்கி, அக்குளுக்கு ஒன்றாகப் பொருத்தித் தைத்தாள். கையைத் தாழ்த்தினால் அந்தத் துண்டு உள்ளே மடிந்து மறையும். உயர்த்தினால் விரிந்து இடம் கொடுக்கும்.

சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை. அன்று மூன்று மணி நேரம் ஆயிற்று. அவள் ஒரு தையலையும் நம்பவில்லை.

*

மூன்றே முக்காலுக்கு மைனா வந்தாள். பல் மருத்துவமனையின் மருந்து வாசம் அவளுடன் வந்தது. கோட்டை அணிந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள்.

“கையைத் தூக்கு,” என்றாள் தையற்காரி.

மைனா தயங்கித் தயங்கி உயர்த்தினாள். பாதி உயரத்தில் வழக்கம்போல் நிற்கும் என்று எண்ணி அவளே நிறுத்தினாள். எதுவும் இழுக்கவில்லை. கை மேலே போயிற்று. இன்னும் மேலே போயிற்று. வெட்டுமேசைக்கு மேலிருந்த பலகையைத் தொட்டு, அங்கே இருந்த நூற்கண்டுகள் மூன்றை உருட்டியது.

“அண்ணி! கை போகுது!”

“போகும்.”

“அப்ப அது பயம் இல்லையா?”

“இல்ல. தப்பு என்னோடது. அக்குளை ரொம்பக் குறைச்சுட்டேன்.”

தையற்காரி இதனை ஊசிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். அடுத்த வாக்கியமும் நாவின் நுனியில் வந்து நின்றது. அந்த இரண்டாம் வாக்கியத்துக்குத்தான் இன்றைய பகல் முழுவதும் அவள் சொற்களைத் தேர்ந்துகொண்டிருந்தாள்.

மைனா அவளைப் பேச விடவில்லை. “ஐயோ, நீங்க என்ன பண்ணுவீங்க? உட்கார்ற வேலைன்னு பொய் சொன்னது நானு. எனக்கு வேணும்!” சிரித்துவிட்டாள்; நேற்றிலிருந்து முதற்சிரிப்பு. “நேத்து ராத்திரி பூரா நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்கு நடிப்பு வராது, இந்த வயசுல எதுக்கு இந்த ஆசைன்னு. கடைசில பார்த்தா நாலு விரல் துணி!”

“நாலு விரல்தான்.”

“அந்த ஊசிக்கண்ணு இப்ப பார்க்கணும் அண்ணி!” என்று மீண்டும் ஒரு முறை கையை உயர்த்திக் காட்டினாள். நான்காவது நூற்கண்டும் விழுந்தது.

பேருந்துக்கு நேரமாயிற்று என்று ஓடினாள். ஊசிக்கண் குனிந்து நூற்கண்டுகளைப் பொறுக்கினாள்.

பிறகு அமர்ந்து கைபேசியில் எழுதத் தொடங்கினாள். எழுதுவது எளிதாகவே இருந்தது. ஒன்பது ஆண்டுப் பழக்கம். நேற்றைய குற்றம் கோட்டுடையது என்றும் நடிகையுடையது அன்று என்றும் எழுதினால், அது எப்படித் தெரியும் என்று பதினான்காயிரம் பேரும் கேட்பார்கள். தைத்தவள் நானே என்றால் உறவும் வெளிப்படும். உறவு வெளிப்பட்டால், ‘ஓகோ, தம்பி மனைவியா, அதனால்தான் பேச்சை மாற்றிப் போடுகிறார்’ என்பார்கள். அதன் பின் ஊசிக்கண் அவளைப் புகழ்ந்து எழுதும் எந்த மெய்யும் பொய்யாகவே படிக்கப்படும். உறவை மறைத்துப் புகழ்ந்தால் மைனாவுக்கு ஆறு மாதம் உறுதி. ஒன்பது ஆண்டுகளில் ஒரு முறைகூட அவள் அவ்வாறு எழுதியதில்லை.

அவள் எழுதி முடித்தாள். வெளியிடவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

*

ஏழேகாலுக்கு மைனா வந்தபோது படியேறும் ஓசையிலேயே செய்தி தெரிந்தது. தம்பி கதவைத் திறப்பதற்குள் பேச்சு உள்ளே நுழைந்துவிட்டது.

“ஒரே டேக்! கேளுங்க, ஒரே டேக்! அந்தப் படத்தை நான் திரும்பச் சுவத்துல மாட்டணும். மாட்டுறேன், மாட்டிட்டு கையை எடுக்க மனசு வராம அப்படியே வெச்சிருக்கணும். வெச்சேன். லைட்டுக்காரர் ஒருத்தர் கண்ணைத் துடைச்சார்.”

“தூசியா இருக்கும்,” என்றான் தம்பி.

“உங்க லிஃப்டுலதான் தூசி. அங்க எல்லாம் சுத்தம்.”

“சரி, வேலை உண்டா இல்லையா? அதைச் சொல்லு.”

மைனாவின் வேகம் சற்றுத் தணிந்தது. கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் பத்திரமாக மாட்டினாள். “டைரக்டருக்குத் திருப்தி. ஆனா மேனேஜர் என்ன சொல்றார்னா, இந்த சீன் வெள்ளிக்கிழமை வரும், ஊசிக்கண்ணு என்ன எழுதுறார்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாமாம். நேத்து அந்த ஆளு எழுதினதுலதான் எல்லாம் ஆரம்பிச்சது, அவரே மாத்தி எழுதினா சரியாப் போயிடும்னார்.”

“பார்றா! ஒரு ஊசிக்கண்ணுக்கு இவ்வளவு மரியாதை!”

“அதான் பஸ்ல வரும்போதே யோசிச்சேன்.” மைனா நாற்காலியை இழுத்துப் போட்டு நாத்தனாரின் எதிரில் அமர்ந்தாள். “அண்ணி, நீங்க அந்த ஆளுக்கு ஒரு லெட்டர் எழுதணும். கோட்டுலதான் கோளாறு, இவ மேல தப்பில்லைன்னு. தைச்ச நீங்களே சொன்னா நம்புவார். எனக்கு எழுத வராது. இந்த வீட்டுல எழுத்துன்னா நீங்கதான்.”

“எழுதுக்கா,” என்று தம்பியும் சேர்ந்துகொண்டான். “அப்படியே நடுவுல ரெண்டு வரி நறுக்குன்னு திட்டி எழுது. என் கணக்குல.”

சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் ஒன்று பற்பசையின் பெருமையைக் கூறியது. தையற்காரி தன் மடியில் இருந்த கைபேசியைப் பார்த்தாள். இந்தக் காட்சியை யாரேனும் ஒரு தொடரில் எழுதியிருந்தால், ‘இவ்வளவு வசதியாகவா எல்லாம் வந்து அமையும்?’ என்று ஊசிக்கண் அதனைக் கிழித்திருக்கும்.

“எழுதி வெச்சிருக்கேன்,” என்றாள்.

“ஐயோ, அதுக்குள்ளயா? என் அண்ணின்னா அண்ணிதான்!” மைனா கைபேசியைப் பறித்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். கணவனுக்கும் கேட்கும்படி, காப்பக அதிகாரியின் குரலில் படிக்கத் தொடங்கினாள்.

“‘நேற்று நான் எழுதியது பாதிப் பார்வை. ஒலியின்றிப் பார்த்தேன், ஒலியோடு பார்க்காமலே எழுதினேன்.’” நிமிர்ந்தாள். “என்ன அண்ணி, அந்த ஆளே எழுதுற மாதிரி எழுதியிருக்கீங்க? நல்லா இருக்கே!”

“மேல படி.”

“‘ஒலியோடு கேட்டபோது, மூன்று சொற்களில் ஒரு தங்கையைத் தொலைத்தவளைக் கேட்டேன். கை நின்றதற்கு அவர் காரணம் அல்லர். அந்தக் கோட்டின் அக்குளை நான்கு விரற்கிடை குறைத்துத் தைத்தவள்…’”

குரல் மெலிந்தது. அதன் பின் உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு அவையும் நின்றன. கண்கள் மட்டும் வரிவரியாக இறங்கின.

“என்னம்மா, சத்தமா படி,” என்றான் தம்பி. “திட்டு வருதா இல்லையா?”

மைனா படிக்கவில்லை. இறுதி வரி வரை சென்றாள். மீண்டும் மேலே வந்தாள். மேலே, இடப்பக்க மூலையில், எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில் அவள் பார்வை தங்கியது. அங்கே ஒரு சிறு ஊசியின் படம் இருந்தது.

இறுதியில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: ‘அவர் என் தம்பியின் மனைவி. ஆதலால் இனி நான் அவரைப் புகழ்ந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டா. வெள்ளிக்கிழமை நீங்களே பாருங்கள். ஒரு முறை ஒலியில்லாமல், ஒரு முறை ஒலியோடு.’

தொடரின் முகப்புப் பாடல் தொடங்கியது. தம்பி பழக்கத்தின் காரணமாக ஒலியைக் கூட்டினான்.

“மைனா,” என்றாள் தையற்காரி. “இதைப் போட்டா உனக்கு வேலை போனாலும் போகும். போடலைன்னா எனக்கு இனிமே எழுத வராது. அதனாலதான் உன் கையில கொடுத்தேன்.”

மைனா நிமிர்ந்து பார்த்தாள்.

சினமா, சிரிப்பா, அழுகைக்கு முந்திய அமைதியா? ஒன்பது ஆண்டுகளாக ஒலியை அடக்கிவிட்டு முகங்களைப் படித்தவளுக்கு, இரண்டடித் தொலைவில் இருந்த இந்த ஒரு முகத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

“யாருடி அந்த ஊசிக்கண்ணு? தெரிஞ்சுதா?” என்று கேட்டான் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மைனாவின் பெருவிரல் ‘வெளியிடு’ என்னும் பொத்தானை நோக்கிச் சென்றது. பாதியில் நின்றது.